வீட்டில் சும்மா இருப்பவர்கள்

தமிழில் ‘சும்மா’ அளவுக்கு ஊர் சுற்றிய சொல் வேறு இருக்குமா தெரியவில்லை. காரணமில்லாமல், காசில்லாமல், வேலையில்லாமல், பேச்சில்லாமல், விளையாட்டுக்கு, ஓயாமல் என்று எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். சும்மா வந்தேன், சும்மா கொடுத்தான், சும்மா சொன்னேன், சும்மா சும்மா கூப்பிடாதே. இந்த வரிசையில் இரண்டு பயன்பாடுகள் எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கின்றன. ஒன்று பக்தி மரபில் வருவது. அருணகிரிநாதருக்கு முருகன் செய்த உபதேசமே சும்மா இருக்கும்படிதான். அவருக்கு இரண்டு மூன்று நூற்றாண்டுகள் பின்னால் வந்த தாயுமானவர் அந்த நிலையையே உச்சமாக வைத்துத் திரும்பத் திரும்பப் பாடினார். திருச்சி நாயக்கர் அரசில் அலுவல் பார்த்தவர் என்று அவர் வரலாறு சொல்கிறது. ஆபீஸ் போகிறவனுக்குத்தானே சும்மா இருப்பதன் அருமை தெரியும். இன்னொரு பயன்பாடு கல்யாண வீட்டிலும் ரயில் பெட்டியிலும் காதில் விழுவது. “வீட்டம்மா என்ன பண்றாங்க?” “ஒண்ணும் பண்ணல, வீட்ல சும்மாதான் இருக்காங்க.”

ஞானி வாழ்நாள் முழுக்கத் தவம் செய்து அடைகிற நிலை, அந்த அம்மாவுக்குக் கல்யாணம் ஆன மறுநாளே கிடைத்துவிடுகிறது! இதை யாரும் கிண்டலாகச் சொல்வதில்லை என்பதுதான் விஷயம்.

வீட்டில் ஒருவர் தனியாக, அமைதியாக, சந்தோஷமாகக் கழிக்கும் ஒரு நாளைத் தமிழ் இலக்கியம் எப்படி எழுதியிருக்கிறது என்று பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். என் வாசிப்பில், மிக அரிதாகவே எழுதியிருக்கிறது. தனிமையை நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். தனியாக இருப்பதில் உள்ள சுகத்தைத்தான் எழுதவில்லை. அதற்கான காரணம் மேலே சொன்ன இரண்டு ‘சும்மா’க்களுக்கு நடுவில் இருப்பதாக எனக்குப் படுகிறது.

இதை யோசிக்கத் தோதாக ஓர் ஊரும் அமைந்தது. தமிழ்நாட்டில் பூண்டிகள் பல. சென்னைக்காரருக்குப் பூண்டி என்றால் ஏரி, தஞ்சாவூர்க்காரருக்கு மாதா கோயில், கோயம்புத்தூர்க்காரருக்கு வெள்ளியங்கிரி அடிவாரம். நான் சொல்வது பழனி மலையின் மேல்பகுதியில், கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று போய்க்கொண்டே இருந்தால் வருகிற பூண்டி. நான் எழுதும் மென்பொருளுக்கு நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்பது முக்கியமில்லை என்பதால், மூன்று மாத வாடகைக்கு இங்கே ஒரு ஓட்டு வீடு எடுத்தேன். முன்னால் கையகல இடத்தில் டேலியா, பின்னால் ஒரு பேரிக்காய் மரம், அதற்குக் கீழே படிப்படியாக இறங்கும் அடுத்தவர் நிலங்கள். மதியத்துக்கு மேல் மஞ்சு வந்து எல்லாவற்றையும் மூடிவிடும்.

வருகிற வழியில் உள்ள பூம்பாறை குழந்தை வேலப்பர் கோயிலில் ஒரு கதை சொல்வார்கள். அருணகிரிநாதர் அங்கே வந்து பாடிவிட்டு இரவு மண்டபத்தில் தனியாகப் படுத்துத் தூங்குகிறார். அவரைக் கொல்ல ஒரு ராட்சசி வருகிறாள். முருகன் குழந்தையாக மாறி அவர் பக்கத்தில் கிடக்க, இருட்டில் பார்த்த ராட்சசி, யாரோ ஒரு தாய் குழந்தையோடு தூங்குகிறாள் என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுகிறாள். சும்மா இருக்கும்படி உபதேசம் பெற்றவரின் தூக்கத்தைக் காப்பாற்றியது, அவரை ஒரு தாய் என்று எண்ணிய பிழை. இந்தக் கதையைக் கேட்டதிலிருந்து அருணகிரியின் உபதேசத்தைவிட அந்த இல்லாத தாயைப் பற்றித்தான் அதிகம் யோசிக்கிறேன். அவள் நிஜமாகவே அங்கே படுத்திருந்தால் தூங்கியிருப்பாளா? பிள்ளை சிணுங்கியிருக்கும்.

சங்க இலக்கியத்திலிருந்து தொடங்கலாம். முல்லைத் திணையின் உரிப்பொருள் இருத்தல். வீடு, மாலை நேரம், கார்காலம், முற்றத்தில் மலர்ந்த முல்லை என எல்லாம் இருக்கிறது. ஒரு அமைதியான நாளுக்கு வேண்டிய சாமான்கள் அத்தனையும் தயார். ஆனால் அந்த ‘இருத்தல்’ காத்திருத்தல். போருக்கோ பொருளுக்கோ போனவன் வரும் வரைக்கும் அவள் இருக்கிறாள். மழையும் பூவும் அவளுக்கானவை அல்ல. அவன் சொன்ன நேரம் வந்துவிட்டது என்று காட்டும் கடிகாரங்கள். குறிஞ்சியில் நிலைமை இன்னும் சுவாரசியம். மலைப்பெண் தினைப்புனத்தில் பரண்மேல் இருந்து தட்டையும் தழலும் குளிரும் கொண்டு கிளி ஓட்டுகிறாள். அது வேலைதான், ஆனாலும் அந்தப் பரண்தான் அவளுக்குக் கிடைத்த வெளி. காதல் நடப்பதே அங்கேதான். தினை அறுவடை ஆனதும், அல்லது ஊர் அலர் தூற்றியதும், அவளை வீட்டுக்குள் வைத்துவிடுகிறார்கள். அதற்கு இற்செறிப்பு என்று இலக்கணத்தில் ஒரு துறைப்பெயரே உண்டு. ஆக, முல்லையில் வீடு என்பது காத்திருக்கும் இடம், குறிஞ்சியில் அடைத்து வைக்கும் இடம். இரண்டாயிரம் ஆண்டுகள் முன்பே நம் கவிதை தனித்திருக்கும் பெண்ணை வீட்டுக்குள் எத்தனையோ கோணங்களில் பார்த்துவிட்டது. யாரையும் எதிர்பார்க்காமல் அவள் முற்றத்தில் உட்கார்ந்திருக்கும் கோணம் மட்டும் என் கண்ணில் படவில்லை.

நவீன இலக்கியத்தில் இந்தப் பூட்டை முதலில் திறந்தவர் நகுலன் என்பது என் எண்ணம். கும்பகோணத்தில் 1921இல் பிறந்த டி. கே. துரைசாமி, திருவனந்தபுரம் மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கௌடியாரில் மரங்கள் சூழ்ந்த வீட்டில் கடைசிவரை இருந்து 2007இல் இறந்தார். 1972இல் வந்த ‘நினைவுப்பாதை’யிலிருந்து அவர் எழுத்தில் வருவது பெரும்பாலும் ஒரே சரக்குதான். ஒரு வீடு, ஒரு நாற்காலி, வந்துபோகும் நண்பர்கள், பூனை, நாய், மழை, மரம், எப்போதும் வராத சுசீலா. நகுலன் பற்றிய கட்டுரைகளில் தவறாமல் வரும் சொற்கள் இருண்மை, வெறுமை, மௌனம், மரணம். அந்தக் கட்டுரைகளைப் படித்துவிட்டு நகுலனைப் படிக்கப் போனால், சாவு வீட்டுக்குப் போவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு போகத் தோன்றும்.

நான் படிக்கும் நகுலன் வேறு மாதிரி. அவர் மகிழ்ச்சியாக இருக்கிறார். அதை அவர் பறைசாற்றுவதில்லை, அவ்வளவே. தன்னைத் தானே வேடிக்கை பார்ப்பது, தன் பேரோடும் தன் பிரதியான நவீனனோடும் கண்ணாமூச்சி ஆடுவது, ஒரு சொல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைப்பது என எல்லாம் ஆளில்லாத வீட்டில் ஒருவர் தனக்குத்தானே செய்துகொள்ளும் விளையாட்டுகள். வீட்டில் நிற்கும் ஒரு கோட் ஸ்டாண்டின் பெயரைக் கவிதைத் தொகுப்புக்கு வைப்பவரின் நகைச்சுவையை நாம் தத்துவமாக மொழிபெயர்த்துக்கொண்டு நெற்றியைச் சுருக்குகிறோம். சுசீலாவைப் பிரிவாற்றாமையாக வாசிப்பதும் அப்படித்தான். அவர் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. வந்தால் அவருக்குத்தான் சங்கடம்! முல்லைத் திணையின் எல்லாப் பொருள்களையும் வைத்துக்கொண்டு, காத்திருப்பை மட்டும் கழித்துவிட்ட ஓர் இருத்தலைத் தமிழில் அவர்தான் எழுதிக் காட்டினார். ‘நினைவுப்பாதை’ மனம் பிறழும் இடத்துக்கும் போகிறது, அதை நான் மறைக்கவில்லை. தனியாக இருப்பதன் ஆபத்து தெரிந்தவர் என்பதால்தான் அதன் சுகத்தைப் பற்றி அவர் சொல்வதை நம்ப முடிகிறது.

ஆனால் பூண்டியில் நகுலனை மறுபடி எடுத்து வாசித்தபோது, முன்பு கண்ணில் படாத ஒன்று பட்டது. அந்த வீட்டில் சாப்பாடு எப்படி வருகிறது? காபி எங்கிருந்து வருகிறது? முற்றத்துச் சருகை யார் கூட்டுகிறார்கள்? மரம் இருக்கிறது, மழை இருக்கிறது, விளக்குமாறு இல்லை. அவரைப் போய்ப் பார்த்தவர்கள் பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்புகளில்தான் அவரைக் கவனித்துக்கொண்ட முதிய பணிப்பெண் ஒருவர் கதவைத் திறக்கிறார், தேநீர் கொண்டுவந்து வைக்கிறார். நகுலன் யாரையும் சுரண்டினார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் தலைமுறையில் எழுதியவர்களில் மிக மென்மையானவர்களில் ஒருவர் அவர். அவருடைய தோட்டம் நாற்காலியிலிருந்து பார்க்கும் தோட்டம் என்று மட்டும் சொல்கிறேன்.

பூண்டியில் ‘தோட்டம்’ என்றால் அப்படி இல்லை. பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் விளையும் நிலம்தான் தோட்டம். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கிருந்து பெரியகுளம் பக்கத்து வடுகபட்டிச் சந்தைக்கு மூட்டைகள் இறங்குகின்றன. இலங்கையில் தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம். ‘தோட்டக்காட்டான்’ என்பது அங்கே மலையகத் தமிழர்மேல் எறியப்பட்ட வசை. நான் டேலியாவைப் பார்த்து “தோட்டம் நல்லா இருக்குல்ல” என்றபோது பக்கத்து வீட்டு அக்கா திரும்பி அவர்களுடைய கேரட் நிலத்தைப் பார்த்தார். “இந்த வருசம் பன்னி வந்து தோண்டிப்போட்டுருச்சு தம்பி, எங்க நல்லா இருக்கு.” காட்டுப்பன்றிக்கும் காட்டுமாட்டுக்கும் இரவு முழுக்கக் காவல். பரணும் உண்டு, தட்டைக்குப் பதில் தகர டப்பா.

என் நாள் எப்படிப் போனது என்றும் சொல்லவேண்டும், இல்லையென்றால் இது அடுத்தவர் வீட்டைப் பற்றிய விமர்சனமாகவே நின்றுவிடும். ஒரு சனிக்கிழமை. போன் சிக்னல் வருகிற ஒரே ஜன்னலை மூடிவிட்டேன். கட்டங்காபி. பேரிக்காய் மரத்தடியில் களை பிடுங்கியது, வேலையென்று சொல்லமுடியாத வேகத்தில். பத்து மணிக்கு நகுலனை எடுத்து ஆறு பக்கம். வெயிலில் துணி காயப்போட்டு, மஞ்சு இறங்குவதற்குள் எடுத்தது. உருளைக்கிழங்கு வேகவைத்து உப்பும் மிளகும் போட்டுத் தின்றது. மாலையில் மஞ்சுக்குள் டேலியா நிறங்கள் ஒவ்வொன்றாக அணைவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. மிக நல்ல நாள். அன்று நான் பேசியது அம்மாவிடம் மட்டும், ராத்திரி ஜன்னலைத் திறந்து. “தனியாவா இருக்க? சாப்பாட்டுக்கு என்ன பண்ற?” என்றார். நீ எப்போதாவது ஒரு நாள் முழுக்க வீட்டில் தனியாக இருந்திருக்கிறாயா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “உங்கப்பாவும் நீயும் பரீட்சைக்கு மதுரைக்குப் போனப்ப இருந்தேன். அன்னிக்குத்தான் கிரைண்டர் ரிப்பேர்காரன் வந்தான்.”

இந்த இடத்தில் அம்பை வந்தாகவேண்டும். 1988இல் வெளியான ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’ தொகுப்பின் தலைப்புக் கதையில், ராஜஸ்தானத்தின் பெரிய கூட்டுக்குடும்பத்து வீடு ஒன்று. மூலையில் இருட்டுச் சமையலறை. அதன் ஜன்னலுக்கு வெளியே மலை இருக்கிறது, நடுவில் துணிக்கொடிகள் மறைக்கின்றன. தெற்கிலிருந்து வந்த மருமகள் மீனாட்சி சமையலறையைச் சற்று மாற்றலாம், மலையைப் பார்க்கலாம் என்கிறாள். மாமனாருக்கு அந்த யோசனையின் தேவையே விளங்குவதில்லை. கடைசியில் கொடிகள்தான் கூடுகின்றன. இந்தக் கதையைப் பெண் விடுதலைக் கதையாகப் படித்துப் படித்துத் தேய்த்துவிட்டோம். எனக்கு இது பார்வைக்கோணம் பற்றிய கதை. நகுலனின் நாற்காலி எங்கே போடப்பட்டிருக்கிறது, அதை அங்கே போட்டால் வீட்டில் யாருக்கு ஜன்னல் மறைகிறது என்று கேட்கும் கதை. அந்தப் பெண்கள் மலையைப் பார்த்து என்ன செய்யப்போகிறார்கள்? ஒன்றும் செய்யப்போவதில்லை. சும்மா பார்க்கத்தான். அந்தச் சும்மாவைத்தான் அந்த வீடு தரமறுக்கிறது.

பின்னால் ‘காட்டில் ஒரு மான்’ தொகுப்பில் வரும் ‘அடவி’யில் செந்திரு வீட்டை விட்டுத் தனியாகக் காட்டுக்குப் போகிறாள், அங்கே சீதையின் கதையைத் திருப்பி எழுதுகிறாள். மிக நல்ல கதை. ஆனாலும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். அம்பையின் பெண்ணுக்குத் தனிமை வேண்டுமென்றால் வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருக்கிறது, வெளியேறியதும் ஒரு பெரிய காரியத்தைச் செய்தாகவும் வேண்டியிருக்கிறது. காட்டுக்குப் போய்ச் செந்திரு வெறுமனே தூங்கி எழுந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தால் கதை நின்றிருக்காது என்று கதாசிரியருக்கே ஒரு தயக்கம் இருந்ததோ என்று தோன்றுகிறது. ஆணுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. நவீனன் ஒன்றும் செய்யாமல் இருநூறு பக்கம் இருக்கலாம்.

வண்ணதாசனைச் சொல்லாமல் விட்டால் திருநெல்வேலி நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். அவர் கதைகளில் செடி இருக்கும், அதற்குத் தண்ணீர் ஊற்றுகிற கையும் இருக்கும், அந்தக் கையின் நரம்பும்கூட. ஆனால் அங்கே தனிமை நெடுநேரம் நீடிப்பதில்லை. யாராவது படியேறி வந்துவிடுவார்கள், வந்ததும் கண் கலங்கிவிடும்.

வெளிநாட்டில் தேடினால் எல்லோரும் தோரோவைத்தான் காட்டுவார்கள். 1845இலிருந்து 1847 வரை வால்டன் குளக்கரையில், எமர்சனுக்குச் சொந்தமான நிலத்தில், தானே கட்டிய குடிலில் இருந்தவர். கணக்குப் பார்க்கிற சாதி என்பதால் எனக்கு அவரிடம் மிகப் பிடித்தது அவர் செலவுக் கணக்கைப் புத்தகத்திலேயே போட்டதுதான். குடிலுக்கு ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட். ஆணி, சுண்ணாம்பு, கீல் என்று ஒன்று விடாமல் இருக்கிறது. சாப்பாட்டுக் கணக்கும் இருக்கிறது. துணி துவைத்ததற்கும் தைத்ததற்கும் மட்டும் தொகை இல்லை. அவை பெரும்பாலும் வெளியே நடந்தன, அதற்கான பில் இன்னும் வரவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். எனக்குத் தெரிந்து தனிமையை எழுதிய ஆண்களில் இதை ஒப்புக்கொண்ட நேர்மை அவருக்கு மட்டும்தான் உண்டு. நகுலன் கணக்கே வைத்துக்கொள்ளவில்லை.

அந்த பில்லைப் படமாக எடுத்தவர் ஷாண்டல் அகெர்மன். 1975இல் வந்த ‘ஜான் தீல்மன்’, 201 நிமிடம். பிரஸ்ஸல்ஸ் அடுக்ககம் ஒன்றில் ஒரு விதவை, பள்ளிக்குப் போகும் மகன், மூன்று நாட்கள். மகன் போனபின் அவள் வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாள். உருளைக்கிழங்கு உரிக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், படுக்கையை மடிக்கிறாள், வீட்டுக்கு வரும் ஆண்களிடம் காசு வாங்குகிறாள். எல்லாம் ஒரே ஒழுங்கில். இரண்டாம் நாள் கிழங்கு குழைந்துவிடுகிறது. மூன்றாம் நாள் வழக்கத்துக்கு முன்னாலேயே எழுந்துவிட்டதால் அவளுக்குக் கொஞ்சம் உபரி நேரம் கிடைக்கிறது. நாற்காலியில் உட்காருகிறாள். அவ்வளவுதான். நகுலனுக்குச் சொர்க்கமான அந்த நாற்காலியில் அவளால் இருக்க முடியவில்லை. படத்தில் நம்மை மிகவும் பதற வைக்கும் காட்சி, கடைசிக் கொலையைவிட, இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. வேலையில்லாமல் வீட்டில் இருப்பது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடுவோரில் பெண்களுக்கு அதில் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் போகிறது, ஆண்களுக்கு 97. வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் எழுதப்போகும் பெண்ணுக்கு ஆண்டுக்கு 500 பவுண்டும் ஓர் அறையும் கேட்டார். தமிழக அரசு 2023 செப்டம்பரில் மாதம் 1000 ரூபாயை உரிமைத் தொகை என்ற பெயரில் தரத் தொடங்கியபோது, பெண்களின் சம்பளமில்லா உழைப்புக்கான அங்கீகாரம் என்று அதற்குக் காரணம் சொல்லப்பட்டது. காசு வந்துவிட்டது. மூடிக்கொள்ளக் கதவுள்ள அறையை எந்தத் திட்டத்தில் சேர்ப்பது?

இலக்கியத்துக்கு வருகிறேன். ‘தனிமை’ என்ற சொல்லில் பிரிவு ஒட்டிக்கொண்டிருக்கிறது, ‘ஏகாந்த’த்தில் சாமியார் வாடை. இரண்டுக்கும் நடுவில், யாரையும் இழக்காமலும் எதையும் துறக்காமலும் ஒருவர் அரை நாள் தன் வீட்டில் இருந்துவிட்டு, சாயங்காலம் எல்லோரும் திரும்பி வந்ததும் கதவைத் திறந்துவிடுகிற கதை ஒன்று எனக்கு வேண்டும். அதில் அழுகை வேண்டாம், பழைய காதலன் கடிதம் வேண்டாம், முக்கியமாக யாரும் கதவைத் தட்டவேண்டாம். ‘ஒன்றும் நடக்கவில்லையே’ என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பக்கூடும். நகுலனையும் அப்படித்தானே சொன்னார்கள்.

இங்கே போன வாரம் பக்கத்து வீட்டில் எல்லோரும் பூண்டு மூட்டையோடு வடுகபட்டிக்கு இறங்கிப் போனார்கள். காவலுக்கு அக்கா மட்டும். பகல் முழுக்க அந்த வீட்டில் சத்தமே இல்லை. மறுநாள் தண்ணீர்க் குழாயடியில், நேத்து என்ன பண்ணீங்க என்று கேட்டேன்.

“என்ன பண்ணேன், சும்மாதான் இருந்தேன்.” குடத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு யோசித்தார். ரெண்டு தடவை டீ போட்டுக் குடித்தாராம். தலைக்குக் குளித்து வெயிலில் ஆறவிட்டாராம். திண்ணையில் உட்கார்ந்து எதிர் மலையில் மேயும் மாட்டை எண்ணினாராம். எண்ணி முடிப்பதற்குள் மஞ்சு வந்துவிட்டது. “மத்தியானத்துக்கு அடுப்பே பத்தவெக்கல தம்பி. பழைய சோறுதான்,” என்றார் குரலைத் தாழ்த்தி. “அவரு கிட்ட சொல்லிராதீங்க.”